வெண்பா, பால்டர்ஸ் கேட் 3, அப்புறம் ஒரு ரீஃபண்ட்

போன ஞாயித்துக்கிழமை மதியம். சாப்பிட்டுட்டு ஹால்ல ஃபேனுக்குக் கீழ காலை நீட்டி உக்காந்திருந்தேன். உள் ரூம்ல என் லேப்டாப்புல 'வெண்பா' விளையாடிக்கிட்டிருந்த அக்கா பையன் வெளிய வந்தான். கண்ணு லேசா செவந்திருந்த மாதிரி இருந்துச்சு. (கேட்டா தூசிம்பான்.) சரி, படம் பாத்துட்டு வந்தவன் மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லுவான்னு பாத்தா, பய சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"மாமா, மொத்தமே ஒரு மணி நேரம் நாப்பது நிமிஷம்தான் காட்டுது. ரெண்டு மணி நேரம் தாண்டல. ரீஃபண்ட் போட்டுடலாமா?"

எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. வாங்கச் சொன்னவனே நான்தான். ஆனா வாங்கினது அவன் அக்கவுண்ட்டுல, அவன் காசுல. உரிமை அவனோடது. அதனால கோவப்படாம, "ஏண்டா, நல்லா இல்லியா?"ன்னு கேட்டேன்.

"சூப்பரா இருந்துச்சு மாமா. ஆனா ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்ளோ காசா? பால்டர்ஸ் கேட் 150 மணி நேரம் ஆடியிருக்கேன், இன்னும் முடிக்கல. நீங்களே கணக்குப் போடுங்க."

போட்டேன். அமெரிக்க விலையில பால்டர்ஸ் கேட் 3 அறுபது டாலர். வெண்பா பதினஞ்சு டாலர். அறுபதை 150-ஆல வகுத்தா மணிக்கு 40 சென்ட். பதினஞ்சை ஒன்றரையால வகுத்தா மணிக்கு பத்து டாலர். அதாவது வெண்பா 25 மடங்கு காஸ்ட்லி! கணக்குல தப்பே இல்ல. ஆனா கணக்கு போட்ட விதத்துல எங்கயோ தப்பு இருக்குனு அன்னிலேர்ந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கறதால இன்னிக்கு எழுதிடறேன். கேம் பக்கமே போகாத மக்கள் பயந்து ஓடிட வேணாம், இதுல சாப்பாட்டு விஷயமும் இருக்கு :-)

மொதல்ல ரெண்டு கேமும் என்னன்னு சொல்லிடறேன்.

2023-ல மூணே நாள் இடைவெளியில ரெண்டும் வந்துச்சு. ஜூலை 31 அன்னிக்கு வெண்பா. ஆகஸ்ட் 3 அன்னிக்கு கம்ப்யூட்டருக்கு பால்டர்ஸ் கேட் 3.

பின்னாடி வந்தது யானை. பெல்ஜியத்துல கெண்ட் நகரத்துல இருக்கற லேரியன் ஸ்டுடியோஸ் பண்ணது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'ங்கற காகிதமும் பகடையும் வெச்சு ஆடற பழைய விளையாட்டோட விதிகளை வெச்சு எடுத்த கேம். 400 பேருக்கு மேல வேலை பார்த்திருக்காங்க. காட்சிகள் மட்டுமே 174 மணி நேரத்துக்கு இருக்குனு அவங்களே சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல 150 ஜிபி இடம் கேக்கும். வந்த பத்து நாள்ல, ஸ்டீம்ல மட்டும் ஒரே நேரத்துல 8 லட்சத்து 75 ஆயிரம் பேர் ஆடிக்கிட்டிருந்தாங்க.

முன்னாடி வந்தது எறும்பு. கனடாவுல டொராண்டோவுல இருக்கற 'விசை கேம்ஸ்'ங்கற சின்ன குழு பண்ணது. இயக்கினவர் அபி. 1988-ல கனடாவுக்கு வந்து சேர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா பேரு வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். ஏழு அத்தியாயம். ஒவ்வொண்ணுலயும் ஏதாவது சமைக்கணும். அம்மாவோட அம்மா குடுத்தனுப்பின சமையல் நோட்டு கிழிஞ்சும் அழிஞ்சும் கிடக்கு. விட்டுப்போனதை நாமளே யோசிச்சு நிரப்பணும். இட்லித் தட்டை எப்படி மாத்தி மாத்தி அடுக்கினா ஆவி எல்லாத்துக்கும் போகும், புட்டுக் குழல்ல எது மொதல்ல எது அப்புறம், இந்த மாதிரி. பின்னாடி ரேடியோவுல பாட்டு ஓடும். ஒவ்வொரு காலத்துத் தமிழ் சினிமாப் பாட்டு மாதிரியே இருக்கும், ஆனா எல்லாம் இந்த கேமுக்குன்னே போட்டது. அவ்ளோதான் கேம்.

சரி, இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நான் கேம் ஆடக் கத்துக்கிட்டது அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துல ஒரு பிரவுசிங் சென்டர்ல. மாடிப்படிக்குக் கீழ எட்டு கம்ப்யூட்டர். மணிக்கு 20 ரூபா. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கும் வைஸ் சிட்டியும்தான் அங்க தேசிய விளையாட்டு. ஸ்க்ரீன் ஓரத்துல ஒரு குட்டி கடிகாரம் ஓடிக்கிட்டே இருக்கும். அது 55 நிமிஷத்தைத் தொட்டுட்டா நெஞ்சு அடிச்சுக்கும். பாக்கெட்ல இருக்கற சில்லறைக்கு இன்னும் எத்தனை நிமிஷம்ங்கறதுதான் ஒரே சிந்தனை. அதுக்கும் முன்னாடி வீட்ல டிவி கேம். '99999 இன் 1'னு அட்டையில போட்ட கேசட்டை நம்பி வாங்கினா, உள்ள அதே ஏழு கேம் பேரு மாறி மாறி வரும். அப்பவே எண்ணிக்கையைப் பாத்து ஏமாந்தாச்சு. இருந்தும் புத்தி வரல!

நம்ம தலைமுறை கேமை மணிக்கணக்குல அளக்கறதுக்கு இதுதான் காரணம்னு நினைக்கறேன். நாம கேமை வாங்கவே இல்ல, நேரத்தை வாடகைக்கு எடுத்தோம். கேம் எல்லாம் பைரேட்டட் சிடி. காசு போனது கடிகாரத்துக்குத்தான். அந்தப் பழக்கத்தை அப்படியே அடுத்த தலைமுறைக்கும் குடுத்துட்டோம். அக்கா பையன் ரிச்சி ஸ்ட்ரீட்டுல பாகம் பாகமா வாங்கி அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர்ல, காசு குடுத்து ஒழுங்கா கேம் வாங்கி ஆடறான். அந்த வகையில என்னைவிட யோக்கியன். ஆனா அவன் மண்டைக்குள்ளயும் அந்த பிரவுசிங் சென்டர் கடிகாரம் ஓடுது.

இந்த இடத்துல நிறைய பேர் ஒரு சுலபமான வழி எடுப்பாங்க. பெருசு கெட்டது, சிறுசு நல்லது. கோடி கொட்டி எடுத்தது மசாலா, கையில காசில்லாம எடுத்தது கலை. எனக்கு இதுல சம்மதம் இல்லீங்க. பால்டர்ஸ் கேட் 3 அசாத்தியமான கேம். அதைத் திட்டி வெண்பாவைத் தூக்க வேண்டிய அவசியமே இல்ல.

பாருங்க, அதுல ஒரு ஊருக்குள்ள நுழையணும்னா சண்டை போட்டு நுழையலாம், பேசி நுழையலாம், பூனையா மாறி நுழையலாம், செத்தவன் கிட்ட பேச்சுக் குடுத்து ரகசியம் கறந்துட்டு நுழையலாம். கதைக்கு முக்கியமான ஆளையே போட்டுத் தள்ளினாலும் கதை மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம வேற பக்கமா ஓடும். ஒவ்வொரு முடிவுக்கும் இருபது பக்கப் பகடை ஒண்ணு உருளும். அஸ்டாரியன்னு ஒரு ரத்தக் காட்டேரி வருவான். முதல் நாள் அவனை நம்ப முடியாது, நாப்பதாவது மணி நேரத்துல அவனுக்காக வருத்தப்படுவோம். அந்த வருத்தத்துக்கு அந்த நாப்பது மணி நேரம் தேவைதான். இழுவையே இல்ல.

இன்னொண்ணு. இந்த யானையும் ஒரு காலத்துல எறும்புதான். ஸ்வென் விங்கே 1996-ல ஆரம்பிச்ச கம்பெனி அது. 2013-ல 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' கேமுக்குக் காசு பத்தாம கிக்ஸ்டார்ட்டர்ல ஜனங்க கிட்ட கை நீட்டினாங்க. ஒன்பது லட்சம் டாலருக்கு மேல சேர்ந்துச்சு. 2015-ல ரெண்டாம் பாகத்துக்கும் அதே மாதிரி. அன்னிக்கு முகம் தெரியாத ஆளுங்க முன்கூட்டியே காசு குடுத்ததாலதான் இன்னிக்கு பால்டர்ஸ் கேட் 3 இருக்கு. அதுவும் 2020 அக்டோபர்ல அரைகுறையா வெளியிட்டு, வாங்கினவங்க சொன்ன குறையெல்லாம் கேட்டு, மூணு வருஷம் செதுக்கினாங்க. அப்படியும் வந்தப்ப மூணாவது பகுதியில ஏகப்பட்ட கோளாறு. கதை முடிஞ்சதும் டக்குனு அறுத்து விட்ட மாதிரி இருந்த இடத்துக்கு, 2023 நவம்பர் கடைசியிலதான் ஒரு நிறைவான முடிவுரை சேர்த்தாங்க. உள்ள தனியா காசு புடுங்கற வேலை எதுவும் இல்ல. பெரிய கம்பெனிகள் இதைப் பாத்து வெக்கப்படணும்.

அதனாலதான் கேம் வர்றதுக்கு முன்னாடியே, 2023 ஜூலையில, சின்ன ஸ்டுடியோக்காரங்க சிலர் ஒரு விஷயம் சொன்னாங்க. இது நல்ல கேம்தான், ஆனா இதை எல்லாருக்கும் அளவுகோலா வெச்சுடாதீங்க, இத்தனை வருஷமும் இத்தனை ஆளும் எல்லாருக்கும் கிடைக்காதுன்னாங்க. நெட்ல அவங்களைக் கும்மி எடுத்தாங்க. "சோம்பேறிங்க சாக்கு சொல்றாங்க"ன்னாங்க. எனக்கும் அப்ப அப்படித்தான் தோணுச்சு. இப்ப அக்கா பையன் கணக்கைக் கேட்டதுக்கு அப்புறம்தான் அவங்க பயம் புரியுது.

இப்ப வெண்பாவுக்கு வருவோம். நம்ம ஆளு, நம்ம இட்லி, நம்ம பாட்டுங்கறதுக்காக நான் அதைத் தலையில தூக்கி வெச்சு ஆடப்போறதில்ல. குறைகளை மொதல்லயே சொல்லிடறேன்.

சமையல் புதிர்கள் சுலபம். தப்பா பண்ணா ஒண்ணும் ஆகாது, திரும்பப் பண்ணலாம். நம்மூர் சமையலறையில நாலு நாள் நின்னவங்களுக்கு நோட்டே தேவையில்ல. தங்கமணி பக்கத்துல உக்காந்து பாத்துட்டு, "இதையா நீங்க கேம்னு சொல்றீங்க, நான் தினம் காலையில ஆடறேன்"ன்னுட்டு எழுந்து போயிட்டாங்க. வருஷங்கள் தடதடன்னு ஓடுது. பாவலனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் குடுத்திருக்கலாம். தமிழ் அம்மான்னா தியாகம்தானாங்கற கேள்வியும் எனக்கு இருக்கு. வெண்பாவுக்கு பையனைத் தவிர வேற என்ன ஆசை இருந்துச்சுன்னு இன்னும் ஒரு அத்தியாயம் சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன்.

இவ்வளவு குறை சொல்லிட்டேன் இல்லீங்களா? இப்ப இதைச் சொல்றேன். ரெண்டு கேமையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா, மணிக்கணக்கைவிட பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு.

பால்டர்ஸ் கேட்ல F5 அழுத்தினா சேவ். F8 அழுத்தினா பழைய இடத்துக்குத் திரும்பலாம். அக்கா பையன் பகடை சரியா விழலைன்னா கண் இமைக்கறதுக்குள்ள F8. கார்லாக் கிட்ட தப்பா பேசிட்டானா, F8. திருடும்போது மாட்டிக்கிட்டானா, F8. எத்தனையோ விதமா வாழ்ந்து பாக்கலாம், எதையும் திருத்திக்கலாங்கறதுதான் அந்த கேம் நமக்குக் குடுக்கற வரம். 150 மணி நேரம் ஆகறதுக்கு அதுவும் ஒரு காரணம்!

வெண்பாவுல இட்லியைத் திரும்ப வேக வைக்கலாம். ஆனா வரேன்னு சொன்ன பையனுக்காக அடுக்கடுக்கா சமைச்சு வெச்சுட்டு அவ காத்திருக்கற கட்டம் ஒண்ணு வருது. அங்க நம்ம கையில எந்த பட்டனும் இல்ல. சமையல் நம்ம வேலை, சுத்தமா பண்ணிட்டோம். சாப்பிட வர்றதும் வராததும் நம்ம கையில இல்ல. ஸ்கூல்ல கவின் 'கெவின்' ஆயிடறான். அதையும் நம்மால தடுக்க முடியாது. பால்டர்ஸ் கேட்ல உலகத்தையே காப்பாத்தலாம். இங்க ஒரு பையனைச் சாப்பாட்டுக்கு உக்கார வைக்க முடியல. அந்தக் கையாலாகாத்தனத்தை ஒரு கேம் உணர வெக்கறது சாதாரண விஷயமா?

இதை எட்டு மணி நேரத்துக்கு இழுத்திருந்தா மெகா சீரியல் ஆயிருக்கும். ஒன்றரை மணி நேரங்கறது பட்ஜெட்னால மட்டும் வந்த அளவு இல்லைன்னு நான் நம்பறேன். இது தமிழனுக்குச் சொல்லியா குடுக்கணும்? குறள் ஏழே சீர். அதுவும் வெண்பாதான். யாராவது திருவள்ளுவர் கிட்ட போய், "கம்பர் பத்தாயிரம் பாட்டு குடுத்தாரு, நீங்க ரெண்டே வரியில முடிச்சுட்டீங்களே, ரீஃபண்ட் குடுங்க"ன்னு கேட்டோமா? அம்மாவுக்கு வெண்பான்னும் அப்பாவுக்கு பாவலன்னும் பேர் வெச்சவங்களுக்கு இந்த அளவு விஷயம் தெரியாமலா இருக்கும்? காப்பியத்துக்கு நீளம் வேணும். வெண்பா தளை தட்டாம இருந்தா போதும்.

உலகமும் இதை ஒத்துக்கிச்சு. 2024 மார்ச்ல கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருது மேடையில வருஷத்தோட சிறந்த கேம் பால்டர்ஸ் கேட் 3, சிறந்த அறிமுகம் வெண்பா. அதே வாரம் தனிக் குழுக்களுக்கான ஐஜிஎஃப் விருதுல முதல் பரிசும் வெண்பாவுக்குத்தான். ஏப்ரல்ல பாஃப்டா மேடையிலயும் அதே கதை: சிறந்த கேம் அது, சிறந்த அறிமுக கேம் இது. ஒரே மேடையில ரெண்டுக்கும் இடம் இருந்துச்சு. ஒண்ணை வெச்சு இன்னொண்ணை யாரும் அளக்கல.

ஆனா விருது வேற, வயிறு வேற. ரீஃபண்ட் மேட்டர் இங்கதான் வருது.

ஸ்டீம்ல 2015 ஜூன்லேர்ந்து ஒரு விதி இருக்கு. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா, என்ன காரணம் சொன்னாலும் காசு திரும்பக் கிடைக்கும். நல்ல விதி. ஓடாத கேமை நம்ம தலையில கட்டிட்டு ஓடறவங்க கிட்டேர்ந்து நம்மளைக் காப்பாத்தறது. ஆனா ரெண்டு மணி நேரம்ங்கற அந்தக் கோடு பால்டர்ஸ் கேட்டை ஒண்ணும் பண்ணாது. ரெண்டு மணி நேரத்துல அதுல மூக்கு எப்படி இருக்கணும், முடி என்ன கலர்னு உருவத்தைத் தேர்ந்தெடுத்து முடிக்கவே நம்ம பயலுக்குப் பத்தல. வெண்பா மாதிரி கேம் முழுசும் அந்தக் கோட்டுக்குள்ளயே முடிஞ்சு போயிடும். அதாவது விதிப்படி, முழுசா ஆடி, ரசிச்சு, கண்ணைத் தொடச்சுக்கிட்டு, காசையும் திரும்ப வாங்கிக்கலாம்.

இது சும்மா கற்பனை பயம் இல்ல. 2021-ல 'சம்மர் ஆஃப் 58'னு ஒரு சின்ன பேய் கேம். அதைப் பண்ண எமிகா கேம்ஸ், இந்த ரெண்டு மணி நேர ரீஃபண்ட்டால கட்டுப்படி ஆகல, கேம் பண்றதையே காலவரையில்லாம விடறேன்னு பகிரங்கமா அறிவிச்சாங்க. ஆடினவங்க நல்ல விமர்சனமும் எழுதிட்டு ரீஃபண்ட்டும் போட்டிருந்தாங்கங்கறதுதான் அதுல கொடுமை.

அக்கா பையன் கிட்ட இதைத்தான் எஸ்டேட் பாஷையில சொன்னேன். "டேய், மதியம் மெஸ்ல போய் சாப்பிடற. சாதம் வேகலைன்னா, சாம்பார் ஊசிப்போச்சுன்னா, பாதியில எழுந்து காசு வேணாம்னு சொல்லு, நியாயம். இலையை வழிச்சு சாப்பிட்டு, கை கழுவி, பீடாவும் போட்டுக்கிட்டு, 'அண்ணே, இருபது நிமிஷத்துலயே முடிஞ்சு போச்சு, காசைத் திருப்பிக் குடுங்க'ன்னு கேப்பியா?"

"மெஸ்காரர் என்னைப் பாத்துட்டிருப்பாரு மாமா. இது ஆன்லைன்"னான்.

பதில்ல உண்மை இருக்கு. பாக்கற ஆள் இல்லாத இடத்துல நாம என்ன பண்றோம்ங்கறதுதான் கேள்வியே. நான் பைரேட்டட் சிடியில வைஸ் சிட்டி ஆடினவன்ங்கறது ஞாபகம் வந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்.

அப்ப எங்கம்மா உள்ளேர்ந்து வந்தாங்க. நாங்க எதைப் பத்திச் சண்டை போடறோம்னு கேட்டாங்க. "கிழிஞ்சு போன சமையல் நோட்டு வெச்சு ஒரு விளையாட்டு பாட்டி"ன்னான் இவன். "நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கே"ன்னுட்டு பரண்லேர்ந்து எடுக்கச் சொன்னாங்க. ஏணி போட்டு ஏறி எடுத்தேன்.

அது என் அப்பாவோட அம்மா எழுதினது. தாத்தா ஆவடி டேங்க் ஃபேக்டரியில வேலைக்குச் சேர்ந்தவர். விஜயந்தா டேங்க் அங்கேர்ந்து முதல்ல வெளிய வந்தது 1965-ல. அந்தக் காலத்துலதான் கும்பகோணம் பக்கத்துலேர்ந்து பாட்டியும் ஆவடிக்கு வந்தாங்க. சொந்தம்னு பக்கத்துல யாரும் இல்ல. கேட்டுக்க மாமியார் இல்ல, அம்மா இல்ல. அதனால ஊருக்குப் போறப்பல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வெச்ச நோட்டு. எண்ணெய்க் கறை, கரையான் அரிச்ச ஓரம். அந்தப் பாட்டிக்கு ஆவடிதாங்க கனடா!

பையன் கையில குடுத்தேன். தமிழ் நல்லா பேசுவான். ஸ்கூல்ல ரெண்டாம் மொழி ஹிந்தி. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பான், பஸ் போர்டு வரைக்கும் பிரச்சினை இல்ல. இந்தக் கையெழுத்துல மூணாவது வார்த்தையிலயே நின்னுட்டான். வெண்பாவோட பின்பாதியில கவினா நாம ஆடுவோம், அம்மாவோட நோட்டை வெச்சுக்கிட்டு அவன் தடுமாறுவான். அந்தக் கட்டத்தை அரை மணி நேரம் முன்னாடி ஆடிட்டு வந்தவன் அப்படியே என்னைப் பாத்தான். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

"குடு, நான் படிக்கறேன்"னு கெத்தா வாங்கினேன். வத்தக்குழம்பு. புளி அரை பலம். பலம்னா எவ்வளவு? தெரியல. இன்னொரு பக்கத்துல ஆழாக்கு, உழக்கு. பேரு கேள்விப்பட்டிருக்கேன், அளவு தெரியாது. எழுத்து தெரிஞ்ச எனக்கும் அதுக்கு மேல போக முடியல. அம்மாதான் சொன்னாங்க, ஒரு பலம்னா ஏறக்குறைய 35 கிராம், ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்குன்னு. அவங்களுக்கும் "பதம் வந்ததும் இறக்கவும்"னு எழுதியிருந்த இடத்துல சந்தேகம் வந்துடுச்சு. எந்தப் பதம்? அதைச் சொல்ல வேண்டியவங்க போய் 20 வருஷம் ஆச்சு.

வெண்பா வெளிநாட்டுத் தமிழர் கதை, நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு சில நண்பர்கள் கேட்டிருக்காங்க. சம்பந்தம் பரண் மேலயே இருக்குங்க. கவின் ஆகறதுக்கு டொராண்டோ போகணும்னு இல்ல, அம்பத்தூர்லயே ஆகலாம். 150 ஜிபி கேம் எனக்கு எத்தனையோ உலகத்தைக் காட்டுச்சு, அதுக்கு நன்றி. ஆனா ஏணி போட்டு என்னைப் பரண் மேல ஏத்தினது ஒன்றரை மணி நேர கேம்தான். இதை மணிக்கு எத்தனை டாலர்னு போடறது?

முடிவா என் கட்சி இதுதான். பெரிய கேமை ஆடுங்க, தாராளமா 200 மணி நேரம் ஆடுங்க. சின்ன கேமை வாங்கினா, பிடிக்கலைன்னா தயங்காம ரீஃபண்ட் போடுங்க. நம்ம ஆளு எடுத்ததுங்கறதுக்காகப் பொறுத்துக்கவும் வேணாம், இல்லாத பெருமை பேசவும் வேணாம். குறை இருந்தா குறைன்னு எழுதுங்க. ஆனா முழுசா ஆடி, பிடிச்சும் இருந்தா, அந்தக் காசை விட்டுடுங்க. லேரியனுக்கு 2013-ல யாரோ விட்ட காசுதான் பத்து வருஷம் கழிச்சு உங்களுக்கு அஸ்டாரியனைக் குடுத்துச்சு. விசை கேம்ஸோட அடுத்த கேம் எதுவா இருந்தாலும், அது வர்றதும் வராததும் இந்த மாதிரி ஞாயித்துக்கிழமை மதியங்கள்லதான் முடிவாகுது.

டிஸ்கி 1: இதை எழுதற வரைக்கும் பையன் ரீஃபண்ட் போடல. 14 நாள்ல இன்னும் ஆறு நாள் பாக்கி இருக்கு. நான் கேக்கறதா இல்ல.

டிஸ்கி 2: வத்தக்குழம்பு வெச்சாச்சு. பதம் தப்பு. அடுத்த வாரம் திரும்பவும் முயற்சி. அடுப்புல F8 இல்லீங்களே!